வாசற்படியில் பதித்த நீலக்கொடி

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவள் உள்ளே கால் வைக்காமலே திரும்பிப் போனாள். வேறு யாராவது என்றால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவள் என் சிநேகிதி. வேங்கிக்காலில் ஒரே அலுவலகம், ஒரே செக்‌ஷன், பக்கத்துப் பக்கத்து மேஜை என்று வேலை பார்த்துச் சேர்ந்தே தலை நரைத்தவர்கள் நாங்கள். ரம்ஜான் மாதத்தில் அவள் எதிரே சாப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கும். "சும்மா தின்னுடி, நோன்பு எனக்குத்தான், உனக்கில்ல" என்று அவளே என் டிபன் டப்பாவைத் திறந்து வைப்பாள்.

டவுனில் நாங்கள் குடியிருந்த பழைய வாடகை வீட்டுக்கு அவள் முதல்முறை வந்தபோது வாசற்படி மேலேயே நின்று பேசினாள். என் மாமியாருக்கு அது ஆகாது. "படிமேல நிக்காதம்மா, லட்சுமி இருக்கிற இடம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அன்றிலிருந்து என் வீட்டு வாசல் வந்தால் காலைத் தூக்கித் தாண்டித்தான் உள்ளே வருவாள். என் பெண்கூட அப்படித் தாண்டியதில்லை, சனியன் தடதடவென்று மிதித்துக்கொண்டுதான் ஓடும்.

அப்படிப்பட்டவள், ரிட்டையர் ஆன காசில் வேங்கிக்காலில் நான் ஆசை ஆசையாய்க் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கனத்த துணிப்பை. செருப்பைக் கழற்றினாள். தலைவாசலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"வாடி, என்ன நிக்கிற? உள்ள வா" என்றேன்.

"இல்லடி... வீட்ல அவரு தனியா இருக்காரு. இன்னொரு நாள் வரேன்."

"ஒரு வாய் காபியாவது குடிச்சிட்டுப் போயேன்."

"அப்புறம் வரேன்டி. நல்லா இருக்குது வீடு."

வெற்றிலை பாக்குத் தாம்பூலத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். கொண்டு வந்த பையை என்னிடம் கொடுக்கக்கூட இல்லை. எடுத்துக்கொண்டே போய்விட்டாள். அந்தப் பைதான் என்னைக் கொன்றது. கொடுக்கத்தானே கொண்டு வந்தாய், வாசல் வரைக்கும் வந்து மனசு மாறுகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

நான் என்ன செய்திருந்தேன் என்று சொல்ல, வளைகுடாவில் இருக்கும் என் பெண்ணிடம் போய் வர வேண்டும்.

வீடு பூச்சு வேலையில் இருந்தபோது அவளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். அங்கே வெயிலில் எங்கேயும் நடக்க முடியாது. ஏசி இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். பானையும் ஓடும்தானே, என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று புலம்பிக்கொண்டே போனேன். உள்ளே போனதும் என் வாய் மூடிக்கொண்டது.

ஒரு சுவர் முழுக்க டைல்ஸ் மாதிரி பதித்த ஓடுகள். எட்டு முனை நட்சத்திரம் ஒன்று, அதன் பக்கத்தில் சிலுவை மாதிரி ஒன்று, மறுபடி நட்சத்திரம். ஒன்றின் வெளிவிளிம்பு அடுத்ததன் உள்விளிம்பில் போய் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிகிறது என்று கண் தேடித் தேடி ஓய்ந்து போகிறது. மார்கழியில் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கிறவளுக்கு அந்தச் சுவரின் கணக்கு சொல்லித்தர வேண்டாம். எந்தப் பாவி மகராசன் இதைச் செய்தானோ, அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

என் பெண் பலகைகளில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைப் பீங்கானைப் பார்த்து ஈராக் பக்கத்துக் குயவர்களுக்கு ஆசை வந்ததாம். அந்த மண் அவர்களிடம் இல்லை. அதற்காகச் சும்மா இருந்தார்களா என்ன? தங்கள் ஊர் மஞ்சள் மண்ணிலேயே வனைந்து, ஈயமும் தகரமும் கலந்த வெள்ளைப் பூச்சு பூசி மண்ணின் நிறத்தை மறைத்து, அதன் மேல் கோபால்ட் நீலத்தால் எழுதினார்களாம். பச்சையும் நீலமும் கலந்த அந்த மயில்கழுத்து நிறத்துக்குத் தாமிரம். வெள்ளியையும் தாமிரத்தையும் அரைத்துப் பூசி, இரண்டாம் முறை சூளையில் புகை போட்டுச் சுட்டால், ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் தங்கமாக மின்னுமாம். பாரசீகத்தில் காஷான் என்கிற ஊர் அந்த மினுக்கத்துக்கே பேர் போனதாம். அந்த ஊர்ப் பெயராலேயே ஓட்டுக்கு அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை இருக்கிறதாம். இல்லாததை இருக்கிறதை வைத்துச் செய்துவிடுகிற இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நானும் அப்படித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

திரும்புகிற வழியில் கையால் எழுதிய ஓடு விற்கிற கடை இருந்தது. அங்கே கரைக்கு என்று நீளவாக்கில் சில ஓடுகள். ஆழமான நீலத் தரை. அதில் வெள்ளைக் கொடி ஒன்று ஓடுகிறது, நிமிர்ந்து, வளைந்து, நுனியில் இலையாகப் பிரிந்து, இலைக்கு நடுவில் சின்னச் சின்னப் பூ. பட்டுப்புடவைக் கரை மாதிரி. பார்த்த மாத்திரத்தில் என் புது வீட்டுத் தலைவாசல் படி கண்ணுக்குள் வந்தது. வாசலுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா? ஒரு வீட்டில் ஆக உசந்த இடம் அதுதானே?

என் பெண் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கையைக் காட்டி எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் கடை வாசலைக் காட்டினேன். மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அப்படியே இழுத்துக் காட்டினார். உசந்த இடம் என்கிறார் பாவம், நம் மாதிரியே நினைக்கிறார் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். புடவைகளுக்கு நடுவில் சுற்றி, உடையாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தேன்.

டைல்ஸ் மேஸ்திரி பார்த்தவுடனே முனகினார். "இது செவுத்துக்குப் போடறதும்மா. தரையில போட்டா மிதி தாங்காது."

"எங்க வீட்ல படியை யாரும் மிதிக்க மாட்டோம்பா. தாண்டித்தான் வருவோம். நீ போடு."

முகூர்த்தத்துக்கு ஆளாய்ப் பறந்த நேரம். மேஸ்திரி மரப்படியை ஒட்டி வெளிப்பக்கம் அந்த ஓடுகளை ஒரு பட்டையாக வரிசை பிடித்தார். "இப்போதைக்கு ஒப்பேத்தி வெச்சிருக்கேன்மா. முகூர்த்தம் முடியட்டும், வந்து பக்காவா பண்ணிக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில் படிக்கு மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். நீலப்பட்டையிலும் ஓட்டுக்கு ஓடு ஒரு பொட்டு. ஓரத்தில் கோலக் கம்பி இழுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் "எங்க வாங்கினீங்க, இவ்ளோ அழகா இருக்குதே" என்று கேட்டுக்கொண்டே அதைச் சுற்றிச் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் செருப்புக் குவியலைத்தான் என் சிநேகிதியும் பார்த்திருக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. எனக்கு ரோஷம் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன். வயிறெரிச்சலா உனக்கு? என் வீடு உன் கண்ணை உறுத்துகிறதா? இத்தனை வருஷம் பழகினது இதற்குத்தானா? அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. வேறு காரணம் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

மேஸ்திரிக்கும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால், "பௌர்ணமிம்மா, டவுன்ல வண்டியே விடமாட்றாங்க" என்பார். பௌர்ணமி முடிந்து கிரிவலக் கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு கூப்பிட்டால், அடி அண்ணாமலையில் வேலை என்பார். அவர் சொல்லும் வேலையெல்லாம் நிஜமானால் அடி அண்ணாமலை முழுக்க மார்பிள் போட்டு முடித்திருக்க வேண்டும்.

ஒருநாள் தண்ணீர் கேன் போட வழக்கமாக வருகிறவருக்குப் பதில் வேறு ஒருவர் வந்தார். தாடி வைத்த நடுவயசு ஆள். கேனைத் தோளில் வைத்தபடி வாசல் வரை வந்தவர் நின்றார். ஒரு நிமிஷம் கீழே பார்த்தார். அப்படியே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டு வழியாகச் சமையலறைக்கு வந்து கேனை இறக்கினார். அவளும் இப்படித்தானே அதே இடத்தில் நின்றாள்! எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, முன்னாடி வாசல் திறந்துதானே இருக்குது? ஏன் சுத்தி வந்தீங்க?"

தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. படிகிட்ட எழுத்து இருக்குது. அரபி எழுத்து. என்னா எழுதியிருக்குதுன்னு எனக்குப் படிக்க வராது. ஆனா அதுக்கு மேல கால் தூக்கி வைக்க மனசு வரல."

"எழுத்தா? அது கொடிங்க. பூக்கொடி."

"இல்லம்மா. பூ மாதிரி எழுதியிருக்காங்க."

அவர் போனதும் ஓடிப்போய் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கொடிதான். மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டிலும் அதே நிமிர்வு, அதே வளைவு, அதே இடத்தில் ஒரு புள்ளி. எந்தக் கொடி இப்படிப் புள்ளி வைத்துக்கொண்டு முளைக்கும்? ஐயோ கடவுளே. கடைக்காரர் தலைக்கு மேலே கை இழுத்துக் காட்டியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாசலுக்கு மேலே என்று சொல்லியிருக்கிறார் அந்த மனுஷர். நான் காலடியில் வைத்திருக்கிறேன்.

அது வேத வசனமாக இருந்தால்? அதைச் சுற்றி ஊர்ச் செருப்பெல்லாம் கிடந்ததே! அதைப் பார்த்துவிட்டுத்தானே அவள் பையோடு திரும்பிப் போனாள்? நான் வேண்டுமென்று செய்ததாக நினைத்திருப்பாளோ? நினைத்துவிட்டு அதையும் வெளியே சொல்லாமல், "நல்லா இருக்குது வீடு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாளே. பாவி, நான் அவளை வயிறெரிச்சல்காரி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுக்கென்ன, மேல ஒரு மிதியடி போட்டு மூடிடலாம்" என்றார்.

"மிதியடியா? உங்களுக்குப் புத்திகித்தி இருக்குதா?" என்று கத்தினேன்.

"அப்போ ஒடைச்சு எடுத்துடலாம்."

அதுதான் என்னால் முடியாதது. ஒட்டிய ஓட்டைப் பெயர்த்தால் துண்டு துண்டாகத்தான் வரும். செருப்புப் பக்கத்தில் வைத்ததே தாங்கவில்லை, இதில் உளியால் வேறு அடிப்பதா? வைத்திருக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஒரு துணியை நனைத்து மஞ்சளையும் குங்குமத்தையும் துடைத்துச் சுத்தம் செய்தேன். செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் வைத்தேன். எல்லாரும் பின்கட்டு வழியாக வாருங்கள் என்று சட்டம் போட்டேன். அப்புறம் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து, ஒன்றும் ஓடவில்லை.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"சத்தியமா எனக்கு எழுத்துன்னு தெரியாதுடி. கொடின்னு நினைச்சேன். உன்னை அவமானப்படுத்தவா நான் வீடு கட்டினேன்?"

"யா அல்லா! யாரு இப்போ அவமானம்னு சொன்னது? உள்ள வாடி முதல்ல, தெருவே பாக்குது."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் தண்ணீரைக் குடிக்காமல் கேட்டேன். "அதுல என்னடி எழுதியிருக்குது? வேதமா?"

"வேதமும் இல்ல ஒண்ணுமில்ல. ஒரே வார்த்தைதான். பரக்கத், பரக்கத், பரக்கத்னு வரிசையா."

பரக்கத் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். சம்பள நாளில் அவள் கைப்பையை மூடும்போது சொல்வாள். நிறைவு, விருத்தி, வீடு செழிக்கட்டும் என்கிற வாழ்த்து. மியூசியத்தில் ஒரு வெள்ளைத் தட்டைப் பார்த்தது எனக்கு நினைவு வந்தது. நடுவில் ஒன்றுமே வரையாமல், விளிம்பைச் சுற்றி மட்டும் கறுப்பு எழுத்து. இதை வைத்திருக்கிறவருக்கு நன்மை உண்டாகட்டும் என்று அர்த்தமாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின குயவன், தான் முகம் பார்க்காத யாருக்கோ எழுதினது. அதே வாழ்த்தைத்தான் நான் காசு கொடுத்து வாங்கிவந்து கால்மாட்டில் போட்டிருக்கிறேன். அப்போதுதான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

"அப்போ அன்னைக்கு ஏன்டி உள்ள வரல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடி சொல்றது? நல்ல வார்த்தைதான், இருந்தாலும் எங்களுக்கு அந்த எழுத்து கால்கிட்ட இருந்தா தாண்டிப் போகக்கூட மனசு வராது. சொன்னா நீ என்ன பண்ணுவ? அந்த நிமிஷமே கடப்பாறையை எடுத்துட்டு வருவ. உன்னை எனக்குத் தெரியாதா? கிரகப்பிரவேசத்தன்னைக்குத் தலைவாசல் படியை இடிச்சா உங்களுக்கு எவ்ளோ பெரிய அபசகுனம்! மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, குழந்தைக்குப் பண்ற மாதிரி அலங்காரம் பண்ணியிருந்த. அதை என் வாயால இடின்னு சொல்லச் சொல்றியா? அதுக்கப்புறம் போன் பண்ணாலும், 'ஏன் வரல'ன்னுதான் நீ முதல்ல கேப்ப. அதான் பண்ணல."

என் வாசல் கெடக் கூடாது என்று அவள் வராமல் இருந்திருக்கிறாள். மாமியார் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறாள். நான் மறுபடி அழுதேன், இந்தத் தடவை வேறு மாதிரி.

"சரி சரி, மூக்கைச் சிந்து. காபி போடறேன்" என்றாள்.

மறுநாள் மேஸ்திரியை நான் கூப்பிட்ட கூப்பில் மனுஷர் உடனே ஓடி வந்தார். விஷயத்தைச் சொல்லி, "எப்படியாவது ஒடையாம எடுத்துக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். நான் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. தலையைச் சொறிந்தார்.

"கோச்சுக்க மாட்டீங்களேம்மா?"

"என்ன?"

"நான் இதை ஒட்டவே இல்லம்மா. முகூர்த்த அவசரத்துல சலிச்ச மணல்ல சும்மா உக்கார வெச்சு, சந்துல வெள்ளை சிமெண்ட் இழுத்து விட்டேன். அப்புறமா பேஸ்ட் போட்டுக்கலாம்னுதான்..."

சின்னக் கத்தியால் சந்தைக் கீறினார். ஓரத்தில் நெம்பினார். முதல் ஓடு பிஸ்கட் எடுக்கிற மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அவர் வரவில்லை என்று நான் எத்தனை சாபம் விட்டிருப்பேன்! ஒழுங்காக வேலை செய்கிற மேஸ்திரியாக வாய்த்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்? "நீங்க நல்லா இருக்கணும்" என்றேன். நக்கல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஓடுகள் வாசல் நிலைக்கு மேலே ஏறிவிட்டன. இந்த முறை பேஸ்ட் போட்டு ஒட்டுகிற வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாவிலைத் தோரணத்துக்கு மேலே அந்த நீலம் அப்படி ஒரு பொருத்தம். கடைக்காரர் சரியாகத்தான் கை காட்டியிருக்கிறார். கீழே படியை ஒட்டி ஓடு இருந்த பள்ளத்தில் வெறும் மணல்தான் மிச்சம். "திங்கக்கிழமை வந்து அங்க கிரானைட் போட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தத் திங்கட்கிழமை என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கையில் அதே துணிப்பை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஆள்காட்டி விரலை வலமிருந்து இடமாக இழுத்து, வாய்விட்டுப் படித்தாள்.

பையைத் திறந்தாள். ஊறுகாய் ஜாடி. பழுப்புக் கழுத்தும் வெள்ளை உடம்புமான பெரிய பீங்கான் ஜாடி, வாயில் துணி கட்டியிருந்தது.

"எலுமிச்சைதான்டி. புது வீட்டுக்குன்னு போட்டேன். அன்னைக்கே குடுத்திருந்தா பச்சையா இருந்திருக்கும். இப்போ நல்லா ஊறிப்போச்சு."

"அன்னைக்கு ஏன்டி இதை எடுத்துட்டுப் போன? அதுதான் எனக்கு ரொம்ப எரிஞ்சிது."

"வாசல்ல வெச்சு நீட்டிட்டுப் போறதுக்கா போட்டேன்? உன் அடுப்படியில என் கையால வெக்கணும்னு போட்டது. நகரு."

நான் நகர்ந்தேன். கீழே ஓடும் இல்லை, எழுத்தும் இல்லை, மஞ்சளும் இல்லை. மேஸ்திரி விட்டுப்போன மணல் பள்ளம் மட்டும்தான். அதை ஒருமுறை பார்த்தாள். ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். முட்டிவலியோடு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பள்ளத்தையும் மரப்படியையும் சேர்த்து, மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள்.